சொன்னது எங்கே தவறிப் போகிறது: மொழிக் கோளாறும் கவனக் கோளாறும் உள்ள குழந்தைகளின் செயல்நினைவுக்கு உதவும் முறை

மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் காலையில் வகுப்பைப் பார்த்து, “கணக்கு நோட்டை எடுத்து, நேத்துப் போட்ட கணக்குக்குக் கீழ கோடு போட்டு, இன்னிக்குத் தேதி எழுதிட்டு, புத்தகத்துல நாப்பத்திரண்டாம் பக்கத்துல இருக்கற ரெண்டாவது கணக்கைப் போடுங்க” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பிள்ளைகள் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு சிறுமி நோட்டை எடுத்துக் கோடும் போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்கிறாள். இன்னொரு சிறுவன் நோட்டைத் திறந்தவுடன் நேற்று வரைந்த பேருந்துப் படத்தைக் கண்டு, அதற்குச் சக்கரம் போட ஆரம்பித்துவிடுகிறான். பத்து நிமிடம் கழித்துப் பார்க்கும் ஆசிரியைக்கு இரண்டு நோட்டும் ஒன்றுபோலக் காலியாகத்தான் தெரியும். இருவரையும் “சொன்னதைக் கவனிப்பதில்லை” என்ற ஒரே வரியில்தான் பெற்றோரிடம் சொல்வார்.

இருவரிடமும் தவறிப் போனது ஒரே வாக்கியம்தான் என்றாலும், அது தவறிய இடம் வேறு. சிறுமிக்கு அந்த நீண்ட வாக்கியத்தின் பிற்பாதி உள்ளேயே போய்ச் சேரவில்லை. சிறுவனுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது, ஆனால் வழியில் குறுக்கிட்ட ஒரு படம் அதை வெளியே தள்ளிவிட்டது. எந்த உதவியையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் இந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஒரு குழந்தைக்குப் பயன்பட்ட உத்தி மற்றொரு குழந்தையிடம் பலிக்காமல் போவதற்கு, இதைப் பாராமல் உத்தியை மட்டும் எடுத்துக்கொள்வது முக்கியமான காரணம்.

செயல்நினைவு என்பது எது

மதிப்பீட்டு அறிக்கைகளில் ‘வொர்க்கிங் மெமரி’ என்று குறிப்பிடப்படுவதை இங்கே செயல்நினைவு என்று சொல்கிறோம். கேட்டதையோ பார்த்ததையோ சில நொடிகளுக்கு மனத்தில் நிறுத்திக்கொண்டு, அதை வைத்தே ஒரு வேலையையும் செய்து முடிக்கும் திறன் அது. மனப்பாடம் செய்யும் திறன் வேறு. “பாட்டெல்லாம் வரிவரியா பாடுறான், டிவி விளம்பரம் ஒண்ணு விடாம சொல்றான், ரெண்டு வேலை சொன்னா மட்டும் ஒண்ணை மறந்துடுறான், வேணும்னேதான் பண்றான்” என்று பெற்றோர் குறைப்பட்டுக்கொள்வதற்கு இந்த வேறுபாடு தெரியாததே காரணம். நூறு முறை கேட்ட பாட்டு நெடுநாள் நினைவில் தங்கிவிட்டது. இப்போதுதான் முதன்முறையாகக் கேட்ட கட்டளையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது செயல்நினைவு.

ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1974-இல் முன்வைத்த விளக்கம் இன்றும் இந்தத் துறையில் பயன்படுகிறது. ஒலியைத் தேக்கி வைக்கும் பகுதி ஒன்று, உருவத்தையும் இடத்தையும் தேக்கி வைக்கும் பகுதி ஒன்று, இவ்விரண்டையும் மேற்பார்த்துக் கவனத்தைப் பங்கிட்டுத் தரும் மையக் கட்டுப்பாடு ஒன்று என அவர்கள் பிரித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் பேட்லி நான்காவதாக ஒரு பகுதியையும் சேர்த்தார், ஆனால் நம் தேவைக்கு முதல் மூன்றே போதும். ஒலித் தேக்கத்தில் விழுந்த சொல், மனத்துக்குள் திரும்பச் சொல்லிக்கொள்ளப்படாவிட்டால் ஏறத்தாழ இரண்டு நொடிகளில் மங்கிவிடும். அப்படி உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கும் பழக்கம் பொதுவாக ஏழு வயதை ஒட்டித்தான் குழந்தைகளிடம் தானாக உருவாகிறது. பெரியவர்களுக்கே இதன் கொள்ளளவு அதிகமில்லை. உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் செய்த கணக்கின்படி, நாம் ஒரே நேரத்தில் ஏறத்தாழ நான்கு கூறுகளைத்தான் பிடித்து வைத்திருக்கிறோம்.

பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாடு இன்னும் வியப்பானது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கும் ஒரு சாதாரண வகுப்பில், குறைந்தது மூவருக்கு நான்கு வயதுக் குழந்தைக்குரிய செயல்நினைவும், வேறு மூவருக்குப் பதினொரு வயதுப் பிள்ளைக்குரிய செயல்நினைவும் இருக்கக்கூடும் என்று உளவியலாளர்களான சூசன் கேதர்கோல், ட்ரேசி ஆலோவே ஆகியோர் எழுதியிருக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் அதே ஆசிரியை அதே நீளத்தில்தான் கட்டளை இடுகிறார்.

இரண்டு கோளாறுகள், இரண்டு விதமான இழப்பு

காது நன்றாகக் கேட்டும், அறிவுத்திறனில் வெளிப்படையான குறை இல்லாமலும், பேசுவதிலும் புரிந்துகொள்வதிலும் நீங்காத சிரமம் உள்ள நிலையை வளர்ச்சிசார் மொழிக் கோளாறு என்கிறார்கள். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பள்ளியில் சேர்ந்த குழந்தைகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு ஏழரைப் பேர் அளவில் இந்நிலை இருப்பதாகக் கண்டது. அதாவது முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். இவர்களிடம் முதலில் தளர்ந்து நிற்பது ஒலித் தேக்கம். பொருளில்லாத புதுச் சொல் ஒன்றைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னால், அது நீள நீள இவர்கள் தடுமாறுகிறார்கள் என்று கேதர்கோலும் பேட்லியும் 1990-இல் காட்டினார்கள். புதுச் சொல் எதுவும் குழந்தைக்கு முதலில் பொருளில்லாத ஒலிதான். ஆகையால் அதைப் பிடித்து வைக்க முடியாத குழந்தைக்குச் சொல்வளம் மெதுவாகவே சேர்கிறது. சொல்வளம் குறைவாக இருப்பதால் அடுத்து வரும் வாக்கியம் இன்னும் பாரமாகிறது.

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, உலக அளவில் குழந்தைகளில் சுமார் ஐந்து விழுக்காட்டினரிடம் இருப்பதாக 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. இங்கே பெரும்பாலும் தளர்ந்திருப்பது மையக் கட்டுப்பாடு. ஒலியைப் பிடிக்கும் பகுதி ஓரளவு சரியாக இருந்தாலும், பிடித்ததைக் காத்து, குறுக்கே வருவதை விலக்கி, வேலை முடியும்வரை கொண்டுசெல்வது இயலாமல் போகிறது. உருவத்தையும் இடத்தையும் நினைவில் வைக்கும் வேலைகளிலும் இவர்கள் பின்தங்குவதுண்டு. ஒரு நாள் நான்கு வேலையைச் சரியாகச் செய்துவிட்டு மறுநாள் ஒன்றைக்கூட முடிக்காமல் நிற்கும் ஏற்ற இறக்கம் இவர்களிடம் அதிகம். “நேத்து செஞ்சியே, இன்னிக்கு என்ன?” என்ற கேள்விக்குப் பதில் கேட்பதைவிட, அந்த ஏற்ற இறக்கமே கோளாறின் இயல்பு என்று ஏற்றுக்கொள்வது நல்லது.

இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பது அரிதல்ல. வகுப்பில் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் பிள்ளையை ஏடிஎச்டி என்று மட்டும் பார்த்துவிட்டு, அவனுக்கு ஆசிரியர் பேசுவது பாதிக்குமேல் புரியவில்லை என்பதை யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. எனவே கவனச் சிக்கலுக்காக மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு குழந்தைக்கும் மொழி மதிப்பீடும் செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

கீழே சொல்வது நோயறிதல் அல்ல. உதவியை எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்வதற்கான சிறு சோதனைகள் இவை. இவற்றுக்கு முன் கேட்பியல் வல்லுநரிடம் செவித்திறனைப் பரிசோதித்துவிட வேண்டும். அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கட்டும் குழந்தைக்கு இது இன்னும் அவசியம். அரைகுறையாகக் கேட்கும் குழந்தையிடம் நினைவைச் சோதிப்பதில் பொருளில்லை.

பசியும் தூக்கமும் இல்லாத ஒரு நேரத்தில், விளையாட்டாக, பொருளில்லாத சொற்களைச் சொல்லிக் குழந்தையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ‘நூபி’, ‘பெலுகி’, ‘மிடேகுசோ’, ‘நபிலேகுடோ’ என்று இரண்டு எழுத்தில் தொடங்கி ஐந்து வரை நீளட்டும். ஒரே வயதுடைய உறவுக்காரப் பிள்ளை ஒருவர் கூட இருந்தால் ஒப்பிட உதவும். இரண்டு மூன்று எழுத்துச் சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டு, நான்காவது எழுத்து வந்தவுடன் ஒவ்வொரு முறையும் தடுமாறினால், ஒலித் தேக்கத்தில் சிரமம் இருக்கலாம். ஒரு முறை ஐந்தெழுத்துச் சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்த முறை மூன்றெழுத்துச் சொல்லை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தால், சிக்கல் கவனத்தின் பக்கம் இருக்கலாம்.

அடுத்து ஒரு வாக்கியம். “பாட்டி கொடுத்த பையை அக்கா கடையில் மறந்துவிட்டு வந்தாள்” என்று சொல்லித் திருப்பிக் கேளுங்கள். மொழிக் கோளாறு உள்ள குழந்தையிடமிருந்து “பாட்டி பை... கடை மறந்துட்டா” என்று வேற்றுமை உருபுகள் உதிர்ந்து, யார் மறந்தார் என்பதே குழம்பி வரக்கூடும். ஏடிஎச்டி மட்டும் உள்ள குழந்தை “அக்கா பையை மறந்துட்டா” என்று பாதியை விட்டுவிட்டாலும், சொன்ன பாதியின் இலக்கணம் பெரும்பாலும் சரியாக இருக்கும். மொழிக் கோளாறு உள்ள குழந்தைகளையும் ஏடிஎச்டி உள்ள குழந்தைகளையும் பிரித்தறிய, வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும் சோதனையும் பொருளில்லாச் சொல் சோதனையும் உதவுகின்றன என்று ஆய்வுகள் சொல்வதும் இதனால்தான்.

மூன்றாவதாக, மேசைமேல் சிவப்புப் பென்சில், நீல அளவுகோல், கறுப்பு டப்பா, மஞ்சள் அழிப்பான் என்று சில பொருள்களைப் பரப்பி, “சிவப்புப் பென்சிலைத் தொடு, நீல அளவுகோலை எடு, கறுப்பு டப்பாவில் போடு” என்று சொல்லுங்கள். ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள், இன்னொரு முறை வேறொரு கட்டளையை வாயால் மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பொதுவாகக் குழந்தைகள் சொல்வதைவிடச் செய்வதில் அதிகம் நினைவில் வைத்திருப்பார்கள். உங்கள் குழந்தையிடம் இந்த இடைவெளி பெரிதாக இருந்தால், வாய்ச் சொல்லைவிடக் கை அசைவையும் காட்சியையும் அவருக்கான வழியாகக் கொள்ளலாம்.

இவற்றோடு ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். என்ன சொன்னீர்கள் என்பதை அப்படியே அதே சொற்களில் எழுதி, குழந்தை எதுவரை செய்தது, எதில் நின்றது, அப்போது அறையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்றும் எழுதுங்கள். “சொன்னதைக் கேட்கவில்லை” என்று எழுதினால் பயனில்லை. “பையை வை, டிபன் பாக்ஸை சிங்க்கில் போடு, கை கழுவு என்றேன். பையை வைத்தாள், டிவி பக்கம் போய்விட்டாள்” என்று எழுதினால் அதிலிருந்து ஏதாவது தெரியவரும்.

வாக்கியத்தைத் திருத்துவது எப்படி

குழந்தையின் கொள்ளளவைப் பெரிதாக்க முயல்வதைவிட, அதன்மேல் ஏற்றும் சுமையைக் குறைப்பது எளிது, உடனே பலனும் தெரியும். அந்தச் சுமையின் பெரும்பகுதி நாம் பேசும் வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. பெயரை விளக்கும் தொடர் முழுவதும் பெயருக்கு முன்னால் வந்துவிடுகிறது. “மேசை மேல இருக்கற நீல அட்டை போட்ட நோட்டுக்குள்ள வச்சிருக்கற ஃபார்மை எடுத்துட்டு வா” என்ற வாக்கியத்தில், கேட்கும் குழந்தை மேசையையும், நீல அட்டையையும், நோட்டையும், உள்ளே என்பதையும் ஒவ்வொன்றாகத் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எது வேண்டும் என்பதும் அதை என்ன செய்ய வேண்டும் என்பதும் கடைசியில்தான் தெரியவரும். அதற்குள் முதலில் வந்த மேசை மங்கிவிடும். இதையே, “ஒரு ஃபார்ம் வேணும். நீல நோட்டுக்குள்ள இருக்கு. நோட்டு மேசை மேல இருக்கு. எடுத்துட்டு வா” என்று உடைத்தால் சொற்கள் கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் அது வந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. எது வேண்டும் என்பதும் முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

செய்யும் வரிசையும் சொல்லும் வரிசையும் ஒன்றாக இருக்கட்டும். “சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவணும்” என்பதில் முதலில் காதில் விழுவது சாப்பாடு. “முதல்ல கை கழுவு. அப்புறம் சாப்பாடு” என்றால் குழந்தை மனத்துக்குள் எதையும் திருப்பிப் போட வேண்டியதில்லை. எதிர்மறைகள் இதைவிடச் சிக்கலானவை. “ஷூவைக் கழட்டாம உள்ள வராத” என்பதில் இரண்டு மறுப்புகள் இருக்கின்றன. மொழிக் கோளாறு உள்ள குழந்தைக்கு இதில் கடைசியாக ஒட்டிக்கொள்வது ‘வராத’ மட்டும்தான், அதனால் அது வாசலிலேயே நின்றுவிடும். “ஷூவைக் கழட்டு. உள்ள வா” என்பது போதும்.

வாக்கியங்களுக்கு இடையே ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசுவது உதவாது, ஏனெனில் பேச்சு நீளும் அளவுக்கு முன்னால் வந்த சொல் மங்குகிறது. குழந்தை நின்றுவிட்டால் அதே வாக்கியத்தை அதே சொற்களில் மீண்டும் சொல்லுங்கள். பெரியவர்கள் பொதுவாக, “அதாம்மா, காலைல மிஸ் குடுத்தாங்கல்ல, அப்பா கையெழுத்துப் போடணும்னு சொன்னியே, அந்தப் பேப்பர்” என்று ஒவ்வொரு முறையும் புதுச் சொற்களில் விளக்குவார்கள். அன்போடு செய்வதுதான், ஆனால் குழந்தைக்கு அது இரண்டாவது கட்டளையாகப் போய்ச் சேர்கிறது. ஒரு சொல்லின் பொருளே தெரியவில்லை என்று தோன்றினால் மட்டும் வேறு சொல் தேடுங்கள், அல்லது பொருளைக் கையில் எடுத்துக் காட்டுங்கள்.

“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். எந்தக் குழந்தையும் “ம்” என்றுதான் சொல்லும். “இப்ப என்ன செய்யப் போற, சொல்லு கண்ணு” என்று கேட்டால், எதுவரை உள்ளே போயிருக்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும், சொல்லிப் பார்ப்பதால் குழந்தைக்கும் நினைவு வலுப்படும். பேச்சு வரச் சிரமப்படும் குழந்தையிடம் இதையே “செஞ்சு காட்டு” என்று மாற்றிக் கேளுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சிறிய தேர்வே ஒரு சுமையாகிவிடும்.

கடைக்கு அனுப்புவதை ஒரு பயிற்சியாகவே வைத்துக்கொள்ளலாம். “அரை கிலோ உளுந்து, ஒரு சோப்பு, கால் கிலோ வெல்லம், மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிட்டு வா” என்று நான்கையும் வாயால் சொல்லி அனுப்புவதற்குப் பதிலாக, பழைய சோப்பு உறையைப் பையில் போட்டுவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் இரண்டு விரலை மடக்கச் சொல்லி, ஒவ்வொரு விரலையும் தொட்டு “உளுந்து, வெல்லம்” என்று சொல்ல வையுங்கள். மளிகைக் கடையில் நிற்பதுபோலக் கண்ணை மூடிப் பார்க்கச் சொல்வதும் சில குழந்தைகளுக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. சில்லறையை எண்ணுவது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

வகுப்பறையில்

வகுப்பில் செயல்நினைவுக்கு மிகுந்த சுமை தருபவை கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும் சொல்வதெழுதலும்தான். பலகையைப் பார்த்து, பார்த்ததைத் தாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து, எழுதி, மறுபடி நிமிர்ந்து விட்ட இடத்தைத் தேட வேண்டும். தமிழின் 247 எழுத்துகளும் கைக்குப் பழகாத பிள்ளை இதை எழுத்து எழுத்தாகச் செய்கிறது. மற்றவர்கள் ஐந்தாவது வரியில் இருக்கும்போது அது இரண்டாவது வரியில் இருக்கும், அப்போது பலகையும் அழிக்கப்பட்டுவிடும். வீட்டுப்பாடத்தைப் பலகையிலிருந்து எழுதவைப்பதற்குப் பதில் ஒரு சிறு தாளில் கொடுத்து நோட்டில் ஒட்டச் சொல்லலாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், நகல் தாளை மேசையிலேயே, எழுதும் வரிக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

சொல்வதெழுதலில் முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், இரண்டு மூன்று சொற்களாகச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைச் சோதிக்கிறீர்களா, நினைவைச் சோதிக்கிறீர்களா என்பதை ஆசிரியர் தமக்குள் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பிழையைத்தான் பார்க்க வேண்டுமென்றால் வாக்கியத்தை எத்தனை முறை கேட்டாலும் திரும்பச் சொல்லலாம்.

வாசிப்பிலும் இதே சிக்கல் வரும். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டி முடிக்கும்போது அதன் தொடக்கம் நினைவிலிருந்து போயிருக்கும். பென்சிலால் ‘படித்து / கொண்டு / இருந்தவர் / களுக்கு’ என்று மெல்லக் கோடிட்டுக் கொடுத்தால் நான்கு துண்டுகளாக வாசிக்கலாம். பாடத்தில் வரப்போகும் நான்கைந்து புதுச் சொற்களை முந்தைய நாளே வீட்டில் பழக்கிவிட்டால், மறுநாள் வகுப்பில் அந்தச் சொற்களோடு போராடாமல் கதையைப் பின்தொடர முடியும். மொழிக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு இந்த முன்பழக்கம் மிகுந்த பலன் தருகிறது. அதற்கு நாளுக்குப் பத்து நிமிடமே போதும்.

கணக்கில், ‘ஒருவரிடம் இருந்த 45 மாம்பழங்களில் 18-ஐத் தங்கைக்குக் கொடுத்தபின் மீதியை 3 பேருக்குப் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் எத்தனை’ என்பதைக் காதால் கேட்டுப் போட முடியாது. ஒரு வரி படித்தவுடன் ஒரு படம் வரைந்து, 45-ஐ எழுதி, அடுத்த வரியைப் படித்து, 18-ஐக் கழித்து, 27-ஐ எழுதிவைத்த பிறகே மூன்றாவது வரிக்குப் போகச் சொல்லுங்கள். வாய்ப்பாடு மனப்பாடமாக இருந்தால் சுமை வெகுவாகக் குறையும், மனப்பாடம் ஆகும்வரை வாய்ப்பாட்டு அட்டை மேசையில் இருக்கட்டும். அட்டையைப் பார்த்துப் போடுவது ஏமாற்று என்று நினைக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். 27-ஐ மூன்றால் வகுக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் கணக்கில் கற்க வேண்டியது, மூவொன்பது இருபத்தேழு என்ற வாய்ப்பாடு அல்ல.

கவனம் நழுவும் குழந்தைக்குத் தனியாகச் சில

ஏடிஎச்டி உள்ள குழந்தையிடம் வாக்கியத்தைச் சுருக்குவது மட்டும் போதாது. அடுத்த அறையிலிருந்து குரல் கொடுக்காமல் அருகில் போய், பெயர் சொல்லி அழைத்து, குழந்தை திரும்பிய பிறகு பேசுங்கள். நினைவூட்டலை, வேலை நடக்கும் இடத்திலேயே வையுங்கள். பள்ளிப் பையில் போட வேண்டியவற்றின் படப் பட்டியலைச் சமையலறையில் ஒட்டினால் பயனில்லை. அது பை மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில், குழந்தையின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். பட்டியலில் ஒவ்வொன்றையும் முடித்தவுடன் ஒரு கிளிப்பை நகர்த்தச் சொல்லலாம். அப்போது இடையில் தம்பி வந்து கூப்பிட்டாலும், திரும்பி வரும்போது விட்ட இடம் அங்கேயே காத்திருக்கும். ஒரே பட்டியல் இரண்டு மூன்று வாரத்தில் சுவரின் நிறத்தோடு கலந்துவிடும், அப்போது தாளின் நிறத்தையோ படத்தையோ மாற்றுங்கள்.

அசையாமல் உட்காரச் சொல்வதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மார்க் ராப்போர்ட்டும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், செயல்நினைவுக்கு வேலை கூடும்போது ஏடிஎச்டி உள்ள சிறுவர்களின் அசைவும் கூடியது. அசைவை முழுவதும் அடக்கச் சொன்னால், அடக்குவதே அந்தக் குழந்தைக்கு இன்னொரு வேலையாகிவிடலாம். நின்றுகொண்டு எழுதவோ, காலை ஆட்டிக்கொண்டு கேட்கவோ விட்டுவிட்டு, வேலை முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டு கோளாறும் சேர்ந்துள்ள குழந்தையிடம் எதில் தொடங்குவது என்று கேட்டால், வாக்கியத்தில் தொடங்குங்கள் என்பேன். புரியாத பேச்சைக் கவனிக்கச் சொல்வது யாருக்குமே கடினம்.

பயிற்சி வகுப்புகள், மருந்துகள், டானிக்குகள்

கணினி விளையாட்டுகளின் மூலம் செயல்நினைவைப் பெருக்கலாம் என்ற நம்பிக்கை, சுவீடனைச் சேர்ந்த டார்க்கல் கிளிங்பெர்க் 2002-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் உலகெங்கும் பரவியது. மோனிகா மெல்பி-லெர்வாக், சார்ல்ஸ் ஹல்ம் இருவரும் 2013-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி செய்த விளையாட்டையும் அதைப் போன்றவற்றையும் குழந்தைகள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள், ஆனால் வாசிப்பிலோ கணக்கிலோ அந்த முன்னேற்றம் நம்பத்தக்க விதத்தில் தென்படவில்லை. அபாகஸ் வகுப்பையும் நான் இப்படித்தான் பார்ப்பேன். வேகமாகக் கூட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் சேர்க்கலாம். சொன்னது மறக்கும் சிக்கலுக்கு மருந்தாக எண்ணிப் பணம் கட்ட வேண்டாம். நினைவாற்றல் டானிக்குகளும் வல்லாரை லேகியமும் இந்தக் குழந்தைகளின் சிக்கலைத் தீர்க்கும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது.

மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் வேறு வகை. ஏடிஎச்டி உறுதியான குழந்தைக்கு மனநல மருத்துவரோ குழந்தை நல மருத்துவரோ அவற்றை எழுதித் தரும்போது கவனம் சீரடையக்கூடும். ஆனால் மருந்து சொல்வளத்தைக் கற்றுத்தராது என்பதால், மொழிச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைக்கு அது தனியாகத் தொடர வேண்டும்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது

தமிழ்நாட்டில், குழந்தைகளின் உடல்நலப் பரிசோதனைக்காக மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தையும், மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தையும் அணுகலாம். பேச்சு மொழிச் சிகிச்சையாளர், உளவியலாளர் இருவரும் பார்ப்பது நல்லது. ஒரு வாரம் எழுதிவைத்த நோட்டையும் எடுத்துப்போங்கள். அறிக்கையில் வரும் எண்ணைவிட அந்த நோட்டிலிருந்து அவர்களுக்கு அதிகம் தெரியவரலாம்.

இலக்கங்களைச் சொல்லித் திருப்பிக் கேட்கும் சோதனை எந்த மொழியில் நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொல் நீண்டால் ஒலித் தேக்கத்தில் இடமும் அதிகம் வேண்டும். வெல்ஷ் மொழியின் எண்ணுப் பெயர்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிப்பதால், அம்மொழியில் நினைவில் நிற்கும் இலக்கங்களும் குறைகின்றன என்று 1980-இலேயே ஒரு ஆய்வு காட்டியது. ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ‘செவன்’ தவிர எல்லாம் ஓரசைச் சொற்கள். தமிழில் பேச்சு வழக்கிலும் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று குறைந்தது இரண்டு அசைகள் வருகின்றன. ஆகவே தமிழில் கேட்டுவிட்டு ஆங்கில அளவுகோலில் மதிப்பெண் போட்டிருந்தால் அந்த எண்ணைக் கவனமாகத்தான் படிக்க வேண்டும். தமிழ் வீட்டுக் குழந்தையை, அவள் சரளமாகப் பேசாத ஆங்கிலத்தில் சோதித்திருந்தால் அதற்கும் இது பொருந்தும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்க வழியுண்டு. இதைப் பத்தாம் வகுப்பு வரும்வரை தள்ளிப்போடாமல், ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே பள்ளியிடம் பேசித் தொடங்குவது நல்லது.

சான்றிதழுக்குக் காத்திருக்காமல், குழந்தைக்கு இன்றே கற்றுத்தரக்கூடியது ஒன்று உண்டு. பாதியில் மறந்துவிட்டால் நின்று கேட்பது. “மிஸ், கோடு போட்டுட்டேன், அடுத்து என்ன?” என்ற ஒரு வரியை வீட்டில் பல முறை நடித்துப் பழக்குங்கள். “மறந்துட்டேன்” என்று மட்டும் சொல்லும் குழந்தைக்கு முழுக் கட்டளையும் திரும்பக் கிடைக்கும், மறுபடியும் பாதியில் நழுவும். எதுவரை முடித்தேன் என்று சொல்லிக் கேட்கும் குழந்தைக்கு அடுத்த ஒரு படி மட்டும் கிடைக்கும். இப்படிக் கேட்டால் திட்டாமல் பதில் சொல்லுமாறு வகுப்பாசிரியரிடம் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.